ஸ்பாக்கிடம் பாடம் படித்தேன், இப்போது அழுகை வரவில்லை

#1 இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பிரிவில் வழக்கமாக 'அடுத்து எந்தத் தொடர் பார்க்கலாம்' என்றுதான் இழை ஓடும். இது கொஞ்சம் வேறு மாதிரி. நீளமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. மென்பொருள் சப்போர்ட் வேலை, பதினாலு வருடமாக இரவு ஷிப்ட். சர்வர் படுத்துவிட்டால் அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறவர் முதல் பத்து நிமிடம் பிரச்சினையைச் சொல்லமாட்டார், திட்டுவார். அதைக் கேட்டுக்கொண்டே லாக் பார்க்க வேண்டும். எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பையன்கள் மூன்றே மாதத்தில் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். நான் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

பிறவியில் நான் அப்படி இல்லை. சின்ன வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். எட்டாம் வகுப்பில் காம்பஸ் பாக்ஸை விட்டெறிந்து ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. அப்பா வந்து பணம் கட்டினார், திட்டவில்லை. சைக்கிளில் திரும்பும்போது "கண்ணாடி உன்னை என்னடா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

காலேஜ் ஹாஸ்டலில் ஒருவனுடைய ஹார்ட் டிஸ்கில் ஸ்டார் டிரெக் முழுசாக இருந்தது. 1966-இல் தொடங்கி 1969-இல் முடிந்த பழைய அமெரிக்க விண்வெளித் தொடர், மொத்தம் 79 எபிசோட். அட்டையில் செய்த செட், தெர்மகோல் பாறை. அதற்கு நடுவில் விண்கப்பல் அதிகாரி ஸ்பாக். கூர்மையான காது, வெட்டிவிட்ட கிராப்பு. கப்பல் வெடிக்கப்போகிறது என்று எல்லோரும் பதறும்போது அந்த ஆள் ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பழகினேன் (சிரிக்காதீர்கள், இரண்டு மாதம் ஆயிற்று, இடது புருவம்தான் ஏறியது). ஆனால் புருவத்தைத் தூக்கும் அந்த அரை நொடியில் வாய் மூடியிருந்தது. அதுதான் லாபம். அப்புறம் மனதுக்குள் 'சுவாரசியம்' என்று அவர் மாதிரியே சொல்லிக்கொள்வேன். எவன் கத்தினாலும் சுவாரசியம். அதற்கப்புறம் நமக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். என் சம்பளம், வீட்டுக் கடன் எல்லாமே அந்தப் புருவத்தின்மேல்தான் நிற்கிறது.

போன ஐப்பசியில் அப்பா இறந்துவிட்டார். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொன்னது, பந்தலுக்கு ஆள் பிடித்தது, இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் வேண்டும் என்று கணக்குப் பார்த்தது எல்லாம் நான்தான். சுடுகாட்டில் ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்தது. உடனே பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். 17 × 14 = 238 வரைக்கும் போனேன், அடைப்பு போய்விட்டது. அன்றைக்குப் போனதுதான், பத்து மாதமாகத் திரும்பி வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தங்கை கேட்டாள்: "அப்பா போனது உனக்கு உறைக்கவே இல்லையாடா அண்ணா?" போன ஞாயிறு என் மகள் மாடிப்படியில் விழுந்து அழுதாள். நான் ஓடிப்போய் "எங்கே அடிபட்டது, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டிருக்கிறேன். குழந்தைக்கு ஆறு வயது. அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து அம்மாவிடம் போய் அழுதாள்.

கற்றுக்கொண்டதை விட்டுவிட முடியாது, பிழைப்பே அதில்தான். ஆனால் அணைக்கிற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கற்பனைப் பாத்திரத்திடம் இப்படி மனசைப் பழக்கக் கற்றவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?

#2 கரிசல்காட்டான்

தம்பி, அப்பாவுக்காக வருந்துகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, எனக்குச் சிரிப்பும் வருகிறது. வெகுளாமைக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், 31-ஆவது. பத்துக் குறள். அதை விட்டுவிட்டு ரப்பர் காது ஒட்டின ஆளிடம் போய்க் கற்றிருக்கிறீர்கள். சரி, கற்றதுதான் கற்றீர்கள், நம் ஊரில் அழுகைக்கு வைத்திருந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கற்றிருக்கலாம். ஒப்பாரி என்பது என்ன? அழத் தெரியாதவனையும் அழவைக்கிற யந்திரம். எங்கள் ஊரில் பாட்டி செத்தபோது பெரியப்பா ஒருத்தர் உங்களை மாதிரியே விறைத்து நின்றார். நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அவர் பெயரையும் அவர் அம்மாவுக்குச் செய்ததையும் செய்யாததையும் ராகம் போட்டு இழுத்தார்கள். கால்மணி நேரத்தில் ஆள் தரையில் விழுந்துவிட்டார். உங்கள் வீட்டில் ஒப்பாரி வைத்தார்களா, ஸ்பீக்கரில் போட்டார்களா?

#3 ஞாயிறு காலை

இழையைத் தொடங்கியவருக்கு: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தொடர் வந்தது. என் பெயர்க்காரணமும் அதுதான். அப்போது ஆங்கிலம் பாதி புரியாது, இருந்தாலும் ஸ்பாக் புரிந்தார்.

ஒரு திருத்தம். வல்கன்களுக்கு, அதாவது ஸ்பாக்கின் வேற்றுக்கிரக இனத்துக்கு, உணர்ச்சி கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். கதைப்படி அது தலைகீழ். அவர்களுடைய உணர்ச்சி மனிதனுடையதைவிட மூர்க்கமானது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு அழிந்துபோக இருந்த இனம். சுராக் என்று ஒருவர் வந்து தர்க்கத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினார். ஆகவே அந்த அமைதி பிறவிக்குணம் அல்ல, தினமும் சாதகம் பண்ணிச் சேர்த்தது. ஸ்பாக்குக்கு இன்னும் சிக்கல், அம்மா அமாண்டா பூமிக்காரி, அப்பா சாரெக் வல்கன்.

இப்போது உங்கள் வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். 1966 செப்டம்பர் 29-இல் ஒளிபரப்பான எபிசோட், தமிழில் 'நிர்வாண நேரம்' என்று சொல்லலாம். ஒரு தொற்று வியாதி, தொட்டால் பரவும், உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் குடிகாரனுக்கு வருவதுபோல வெளியே வந்துவிடும். ஸ்பாக்குக்கும் தொற்றிவிடுகிறது. யாருமில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் உணர்ச்சிகள் என் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார். அப்புறம் என்ன பண்ணுவார் தெரியுமா? எண்களைச் சொல்லுவார். இரண்டு, நான்கு, ஆறு, ஆறாறு என்று. அது வேலை செய்யாது, மேஜையில் கவிழ்ந்து அழுவார். கொஞ்ச நேரம் கழித்து கேப்டன் கிர்க் வந்து உலுக்கும்போது அவர் சொல்வது, அம்மாவிடம் பாசத்தை ஒருநாளும் சொல்ல முடியவில்லையே என்று.

நீங்கள் ஹாஸ்டலில் 79-ஐயும் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். இதை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

#4 டேட்டா கட்சி

நான் ஸ்பாக் ஆள் இல்லை, டேட்டா ஆள். 1987-இல் வந்த ஸ்டார் டிரெக் அடுத்த தலைமுறைத் தொடரில் வருகிற ஆண்ட்ராய்டு, மனித உருவில் இருக்கிற இயந்திரம். ஸ்பாக்கிடம் இருப்பதை ஒளிக்கிறார். டேட்டாவிடம் எதுவும் இல்லை, தேடிக்கொண்டே இருக்கிறார். யாராவது ஜோக் சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பார். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் நானும் அப்படித்தான் நிற்பேன். எனக்கு அந்த ஆள் தைரியம் கொடுத்தார்: தெரியாவிட்டால் கேட்கலாம், கேட்பது அசிங்கமில்லை.

சுவிட்ச் கேட்டீர்களே, டேட்டாவிடம் நிஜமாகவே சுவிட்ச் இருக்கிறது. 1994 படத்தில் உணர்ச்சி சிப்பைப் பொருத்திக்கொள்வார். முதலில் ஒரே குஷி, ஏழு வருடப் பழைய ஜோக்குக்கு இப்போது சிரிப்பார். பிறகு பயம் வரும், நண்பன் கண்ணெதிரே கடத்தப்படும்போது உறைந்துபோவார். என்னை அணைத்துவிடுங்கள் என்று கேப்டன் பிக்கார்டிடம் கெஞ்சுவார். அவர் மாட்டேன் என்பார், உணர்ச்சியோடு வாழப் பழகுவதும் அதில் ஒரு பங்குதான் என்பார். இரண்டு வருடம் கழித்து அடுத்த படத்தில் ஆபத்து வரும்போது டேட்டா தலையை ஒரு வெட்டு வெட்டி சிப்பை அணைத்துவிடுவார். அப்போது பிக்கார்டே, சில சமயம் உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்பார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. உபதேசம் பண்ணின ஆளே!

94 படத்தின் கடைசியில் இடிந்த கப்பலுக்குள் தன் பூனை உயிரோடு இருப்பதைப் பார்த்து டேட்டாவுக்குக் கண்ணீர் வரும். சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் அழுகிறேன், சிப் கெட்டுவிட்டது போல என்பார். இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது என்று கவுன்சலர் டிராய் சொல்லுவார்.

#5 வார்டு ஏழு

நான் மனநலப் பிரிவில் நர்ஸ். டாக்டர் இல்லை, அதனால் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் பதிவில் இரண்டு வேறு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கத்துகிற வாடிக்கையாளரிடம் நீங்கள் செய்வது ஒன்று, சுடுகாட்டில் செய்தது வேறு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இந்த வித்தியாசத்தைத்தான் பல வருடமாக ஆராய்ந்தார். 1998-இல் வந்த ஆய்வில் சிலருக்குக் கை துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவிடம், படத்தை ஒரு மருத்துவர் மாதிரி, நுணுக்கத்தைக் கவனிக்கிற பார்வையில் பாருங்கள் என்றார். இன்னொரு குழுவிடம், என்ன தோன்றினாலும் முகத்தில் காட்டாதீர்கள் என்றார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு குழுவுமே அமைதியாகத்தான் தெரிந்தது. ஆனால் பார்வையை மாற்றியவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. முகத்தை அடக்கியவர்களுக்கு உள்ளே அருவருப்பு அப்படியே இருந்தது, உடம்பில் பதற்றத்தின் அறிகுறிகள் கூடவும் செய்தன. முகத்தை அடக்குவதிலேயே கவனம் போவதால் அந்த நேரத்தில் நடந்தது சரியாக நினைவில் நிற்பதில்லை என்றும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

உங்கள் 'சுவாரசியம்' முதல் ரகம். 'இவன் ஏன் இவ்வளவு பதறுகிறான்' என்று நிஜமாகவே பார்க்கிறீர்கள். வாய்ப்பாடு இரண்டாம் ரகம். ஸ்பாக்கின் கணக்கில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சுடுகாட்டில் நடந்தது உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது?

#6 இரவுப்பணி

ஞாயிறு காலை சார், அந்த எபிசோடைப் பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது. ஹாஸ்டலில் எல்லோரும் சிரித்தோம், ஒருவன் சட்டையில்லாமல் வாளோடு ஓடுகிற எபிசோட் என்றுதான் பதிந்திருக்கிறது. ஸ்பாக் எண்ணியது சுத்தமாக ஞாபகமில்லை. நேற்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வார்டு ஏழு அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நினைவே இல்லை. யார் யார் வந்தார்கள் என்று தெரியாது. கொள்ளிக்குடம் உடைத்தது போட்டோவில் பார்த்துத்தான் தெரியும். 238 மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

கரிசல்காட்டான் அண்ணா, ஸ்பீக்கர்தான். ரெக்கார்டு செய்த பாட்டு.

#7 சிவப்பு மை

ஆண்கள் எல்லோரும் பேசி முடித்தாயிற்றா? ஒரு விஷயம் சொல்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. பத்தாவதுக்கு வகுப்பெடுக்கிறேன். நானும் ஸ்பாக் முகத்தைப் பழகினவள்தான், பெயர் தெரியாமலேயே. வகுப்பில் அது பலிக்கும். பையன் சீண்டினால் முகம் மாறாது, அவனுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆனால் அதே முகத்தோடு வீட்டுக்குப் போனால் "என்ன திமிர்", "மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு". ஆபீசில் முகம் மாறாமல் இருக்கிற ஆணுக்கு 'நிதானமானவர்' என்று பெயர். எனக்குக் கிடைத்த பெயர்களை இங்கே எழுதினால் நெறியாளர் நீக்கிவிடுவார்.

இது என் கற்பனை இல்லை, அந்தத் தொடரின் ஜாதகத்திலேயே இருக்கிறது. 1965-இல் முடித்த முதல் பைலட்டில் (சேனலுக்குக் காட்ட எடுத்த முன்னோட்ட எபிசோட்) உணர்ச்சியைக் காட்டாத, கணக்காக யோசிக்கிற அதிகாரி ஸ்பாக் இல்லை, ஒரு பெண். பெயர்கூட இல்லை, 'நம்பர் ஒன்' என்று மட்டும். நடித்தவர் மேஜல் பேரட். அதில் ஸ்பாக் கத்துவார், பாடுகிற நீலச் செடியைத் தொட்டுவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார்! சேனல் அந்த பைலட்டைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பெண் பாத்திரம் போய்விட்டது, அவளுடைய சலனமில்லாத முகத்தை ஸ்பாக்குக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மேஜல் பேரட்டுக்கு இரண்டாவது முறை கிடைத்த வேடம் நர்ஸ் சாப்பல். ஸ்பாக்கைக் காதலித்துக் கண்ணைக் கசக்குகிற வேடம். ஞாயிறு காலை சார் சொன்ன அதே எபிசோடில் அவரிடம் காதலைச் சொல்வதும் அவள்தான்.

நீங்கள் எந்தப் புருவத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிறீர்களோ அது ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கினது. சும்மா சொல்லி வைத்தேன். அப்பாவுக்கு என் அஞ்சலி.

#8 டேட்டா கட்சி

டீச்சர் பதிவுக்கு நூறு லைக் போட முடியுமா?

#9 கரிசல்காட்டான்

நேற்று கிண்டல் பண்ணினேன். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் பற்றித் தேடிப் படித்தேன். பாஸ்டன்காரர், 1931-இல் பிறந்தவர், உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த யூதக் குடும்பம், வீட்டில் யித்திஷ் மொழி. விரல்களை நடுவில் பிரித்துக் காட்டுகிற அந்த வணக்கம், சின்ன வயதில் தொழுகைக்கூடத்தில் பூசாரிகள் ஆசீர்வாதம் பண்ணும்போது பார்த்த கைமுத்திரையாம். பார்க்கக்கூடாது என்று அப்பா சொல்லியும் எட்டிப் பார்த்திருக்கிறார்.

எனக்கு உறைத்தது வேறு. இந்த மனுஷன் அந்தத் தொடர் நடந்த காலத்திலேயே குடிக்கு அடிமையாகிப் போனதாக, பின்னாளில் அவரே கிர்க்காக நடித்த ஷாட்னரோடு உட்கார்ந்து பேசிய ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க அந்த முகத்தைப் போட்டுக்கொண்டு நின்றவர். 1975-இல் 'நான் ஸ்பாக் அல்ல' என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். இருபது வருடம் கழித்து 'நான் ஸ்பாக்' என்று இன்னொன்று. அந்த இருபது வருடத்தில் என்ன பாடு பட்டாரோ.

ஆக தம்பி, முகத்தைச் செய்தவருக்கே அது பாரமாக இருந்திருக்கும் போலிருக்கிறது. நீங்கள் இரவல் வாங்கினவர்.

#10 ஞாயிறு காலை

குடியையும் முகத்தையும் நேராக முடிச்சுப் போடாதீர்கள் ஐயா. வேலைப்பளு, திடீர்ப் புகழ், வீடு என்று எவ்வளவோ இருக்கும். ஆனால் நீங்கள் தேடிப் படித்ததற்கு நன்றி. இந்த மன்றத்தில் அது அபூர்வம்.

'சுவாரசியம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு தகவல், நமது சகோதரி வார்டு ஏழு சொன்னதோடு ஒட்டும். ஆரம்பத்தில் நிமாய்க்கே ஸ்பாக் பிடிபடவில்லை. ஒரு படப்பிடிப்பில் திரையில் ஏதோ பயங்கரமானது வருகிறது, எல்லோரும் பதறுகிறார்கள், ஸ்பாக் சொல்ல வேண்டியது அந்த ஒரே சொல். இவரும் மற்றவர்கள் மாதிரியே பதற்றத்தோடு கத்தியிருக்கிறார். இயக்குநர் ஜோசஃப் சார்ஜன்ட் நிறுத்தி, வேறு மாதிரி இரு, விஞ்ஞானியாக இரு, விலகி நின்று பார் என்றாராம். அந்த ஒரு சொல்லில்தான் பாத்திரம் பிறந்தது என்று நிமாய் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், இயக்குநர் 'பயத்தை மறை' என்று சொல்லவில்லை. ஆர்வத்தோடு பார்க்கச் சொன்னார். ஆர்வமும் ஒரு உணர்ச்சிதானே? ஸ்பாக் வெற்றுமுகம் என்று நினைக்கிறோம். அந்த முகத்தில் எந்நேரமும் ஒரு பள்ளிப்பையனுடைய ஆசை இருக்கும், அதனால்தான் பிடித்தது. வெறும் கல்லாக இருந்திருந்தால் தூர்தர்ஷன் முன்னால் நான் ஏன் உட்காரப் போகிறேன்?

இன்னொன்று, எனக்குள் இருக்கும் கணக்கப்பிள்ளை சும்மா விடமாட்டான். நீங்கள் எவன் கத்தினாலும் 'சுவாரசியம்' என்கிறீர்கள். ஸ்பாக் அந்தச் சொல்லை எதிர்பாராததற்கு மட்டும்தான் வைத்திருந்தார். ஒரு எபிசோடில் அதை அவரே விளக்குவார், மற்றதற்கெல்லாம் இன்னும் ஒருபடி குறைவான சொல் போதுமாம். திட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற கஸ்டமருக்கு அந்தப் பெரிய சொல் அதிகம்.

#11 பனிமூட்டம்

வணக்கம். நான் டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். கனகாலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்தரம்.

என் மகளின் தகப்பன் கனேடியர். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவள் 'வெள்ளைக்காரப் பிள்ளை', மற்றப் பள்ளிக்கூடத்தில் 'பிரவுண்'. ஒருநாள் வந்து, எனக்கு ஒரு இடமும் இல்லை அம்மா என்று சொன்னாள். என்ன சொல்லுறது என்று எனக்கு விளங்கவில்லை. அவளோடு வேலை செய்கிற மாதிரி ஒன்றைத் தேடினபோதுதான் ஸ்பாக் வந்தார்.

1968-இல் ஒரு பதின்வயதுப் பெண், தாய் கறுப்பினம், தகப்பன் வெள்ளையர், அமெரிக்காவில் ஒரு இளைஞர் பத்திரிகை வழியாக ஸ்பாக்குக்கே கடிதம் போட்டிருக்கிறாள். நிமாய்க்கு இல்லை, ஸ்பாக்குக்கு. நீங்களும் இரண்டு இனத்துக்கு நடுவில் தானே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று. நிமாய் அதைத் தட்டிக்கழிக்காமல் ஒரு முழுப் பதில் எழுதினார், பத்திரிகையில் வந்தது. ஸ்பாக் சின்ன வயதில் வல்கன் பிள்ளைகளுக்குள் எவ்வளவு தனித்துப் போயிருப்பான் என்று அவனுடைய கதையாகவே சொல்லியிருந்தார். எல்லாரும் தன்னை விரும்ப வேண்டும் என்ற தேவையை அவன் எப்படித் தாண்டினான் என்றும், எல்லாருக்கும் பிடித்தவனாக இருக்கிறதும் உண்மையான மதிப்பும் ஒன்றில்லை என்றும். அழாதே, பலமாக இரு என்று ஒரு இடத்திலும் இல்லை.

நான் அதை மகளோடு இருந்து வாசித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை 1973-இல் வந்த கார்ட்டூன் தொடரில் சின்ன ஸ்பாக் வருகிற கதையைப் பார்த்தோம். மற்றப் பிள்ளைகள் அவனைப் பரிகசிப்பார்கள். பிறகு அவனுடைய கிழட்டு வளர்ப்பு மிருகம் அவனைக் காப்பாற்றப் போய் நஞ்சுக் காயம் பட்டுவிடும். இழுத்துக்கொண்டு கிடக்கவிடலாம், இல்லை நோகாமல் போகவிடலாம் என்று வைத்தியர் சொல்லும்போது, போகவிடுங்கள் என்று அவனே சொல்லுவான். அதில்தான் என் பிள்ளை அழுதாள். பள்ளிக்கூட விசயத்துக்கு அழாதவள் அந்த மிருகத்துக்கு அழுதாள், அழுதுகொண்டே பள்ளிக்கூட விசயம் எல்லாம் கதைத்தாள்.

தம்பி, எனக்கு ஆலோசனை சொல்லத் தெரியாது. கற்பனை ஆளிடம் படிக்கிறது பிழை என்று ஆரும் சொன்னால் நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

#12 நெறியாளர்

பழைய தொடரா புதிய தொடரா எது உசத்தி என்று நடந்த ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடவும்.

#13 வார்டு ஏழு

பனிமூட்டம் அக்கா, உங்கள் பதிவை எங்கள் டியூட்டி ரூமில் வாசித்தேன்.

தம்பிக்கு. பத்து மாதமாக அழாததே நோய் என்று நான் சொல்லமாட்டேன். துக்கம் ஆளுக்கு ஆள் வேறு. அழாமலே துக்கம் கழிப்பவர்கள் உண்டு. நான் கவனிப்பது வேறு: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குழந்தையோடு விளையாட மனம் வருகிறதா. இதில் ஏதாவது சரிந்துகொண்டே போனால் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, ஸ்பாக்கை விடச் சொல்லமாட்டேன். வாடிக்கையாளரிடம் செய்வதை வீட்டிலும் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். தொண்டை அடைத்தால் வாய்ப்பாட்டுக்கு ஓடாமல், அதையே விஞ்ஞானி மாதிரி பாருங்கள். எங்கே அடைக்கிறது? இதற்குப் பெயர் என்ன, கோபமா, பயமா, ஏக்கமா? தோன்றுவதற்கு வாயால் ஒரு பெயர் வைத்தாலே மூளையில் அபாய மணி அடிக்கிற பகுதி கொஞ்சம் அடங்குவதாக 2007-இல் வந்த ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது. வார்டில் நான் இதைத் தினமும் பார்க்கிறேன். 'ஒரு மாதிரியா இருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'பயமா இருக்கு' என்பார். அன்றைக்குச் சாப்பிடுவார்.

மகளிடம் 'பத்துக்கு எத்தனை' என்று கேட்டதில் தப்பில்லை, அது நாங்களே கேட்கிற கேள்விதான். தூக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

#14 சிவப்பு மை

கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

#15 இரவுப்பணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

'நிர்வாண நேரம்' மறுபடி பார்த்தேன், தனியாக. பிறகு 1986-இல் வந்த நாலாவது படத்தையும். அதில் ஸ்பாக் செத்துப் பிழைத்து வந்திருப்பார், ஞாபகமெல்லாம் அரைகுறை. கம்ப்யூட்டர் அவரைப் பரிசோதிக்கும். எல்லாக் கணக்குக்கும் டக் டக்கென்று பதில் சொல்லுவார். கடைசியில் 'எப்படி உணர்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி வரும். கேள்வியே புரியவில்லை என்பார். அம்மா பக்கத்தில் நிற்பாள். படம் முடியும்போது அப்பாவிடம், நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புவார். நாம் எல்லோரும் தினமும் போனில் சொல்கிற அதே 'நல்லா இருக்கேன்'. எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, இவ்வளவுதானா என்று.

அப்புறம் போன சனிக்கிழமை தங்கைக்கு போன் போட்டேன். சுடுகாட்டில் வாய்ப்பாடு சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு "பதினேழாவதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது அப்பா சைக்கிளில் சொல்லிக் குடுத்ததுடா" என்றாள். எனக்கு மறந்தே போயிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு மேடு வரும், பெடல் மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லுவார். பதினாறு வரைக்கும் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், பதினேழு அப்பாவுடையது. பதினான்கு வந்ததும் மேடு முடிந்துவிடும், அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார். தங்கை முன்னால் பாரில் உட்கார்ந்திருப்பாள், கேட்டுக் கேட்டே அவளுக்கும் பாடம்.

அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. போனை வைக்கவும் இல்லை, நாற்பது நிமிடம் பேசினோம், கண்ணாடி உடைத்த கதையெல்லாம். நடுவில் அவள் சும்மா சீண்டுவதற்காகப் பதினேழு பதினைந்து எவ்வளவுடா என்று கேட்டாள். பதினாலு வருடமாகக் கம்ப்யூட்டர் கட்டி மேய்க்கிறவன், எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

#16 கரிசல்காட்டான்

255. ஷிப்ட் முடிந்ததும் நேரத்தோடு போய்த் தூங்கும் தம்பி.